நாளைக் காலை ரேடியோ போடாதே

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். யாரும் அடிக்கவில்லை.

நாளைக் காலை ரேடியோ போடாதே. என் பாட்டுகள்தான் ஜனங்களைக் கெடுத்தன என்று நானே பேசியிருக்கிறேன். பாப்பா பள்ளிக்கூடம் போகும் போட்டோவை அதிகாரி மேசையில் வைத்தார். அவ்வளவுதான்.

இன்று என்னோடு அடைபட்டிருந்த பஸ் டிரைவரைச் சுடக் கூட்டிப்போனார்கள்.

"அண்ணே, நம்ம பாட்டை எடுத்துக் குடுங்க, பாடிட்டே போறேன்" என்றார்.

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

"பரவாயில்லண்ணே" என்று என் தோளைத் தட்டிவிட்டு அவரே ஆரம்பித்தார். சுதி சேரவில்லை. எல்லா அறைகளிலிருந்தும் கூடப் பாடினார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை என்னை விட்டுவிடுவார்களாம். டிரைவர் வீடு நம் தெருமுனையில்தான். சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வருகிறேன். கதவைத் திறந்து வை.

உன் வீட்டுக்காரன்