இருபதாவது கிலோமீட்டரில் எடை

ஞாயிறு 05:15. ஓட்டத்துக்கு முன்

இதை யார் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியாது. கழுத்தில் ஒலிவாங்கி இருக்கிறது, நான் பேசப் பேச அது எழுதிக்கொள்ளும்.

பெயர் இசக்கியம்மாள். ஊர் பாளையங்கோட்டை. பூமியைச் சுற்றும் இந்த நிலையத்தில் குழாய்களையும் காற்றுச் சல்லடைகளையும் பராமரிப்பது என் வேலை. மற்ற மூவரும் போன கலத்தில் இறங்கிவிட்டார்கள். நான் ஓடித் தேறாததால் இங்கேயே இருக்கிறேன்.

இறங்கும்போது உடம்பு ஏழு மடங்கு கனக்குமாம். அதைத் தாங்குகிற இதயம் வேண்டும். அதற்குத்தான் முப்பது கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள். துடிப்பு நூற்றெழுபதைத் தாண்டினால் மார்புப் பட்டை அலறும், அன்றைய ஓட்டம் செல்லாது. தனிப் பரீட்சை எதுவும் கிடையாது. என் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தையே கீழே உட்கார்ந்து அளந்துகொள்கிறார்கள். இரண்டு முறை அலறிவிட்டது. நாளை ஒரு கலம் வருகிறது. இன்று விட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் வாயைத் திறப்பதில்லை.

நிலையம் ஒரு சக்கரம். மோட்டார் சுழற்றுகிறது. சுழல்வதால்தான் ஊரில் உள்ள அதே எடை எனக்கு இங்கேயும் இருக்கிறது. விளிம்பு நடைபாதையில் நாற்பது சுற்று ஓடினால் முப்பது கிலோமீட்டர்.

எடை 64. ஓடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். முன்னால் ஒரு தடவை, இடையில் ஒரு தடவை தராசில் ஏறிப் பார்ப்போம். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது, அவ்வளவு குடிக்க வேண்டும்.

05:30. கிளம்புகிறேன்.

06:03. நான்காவது கிலோமீட்டர்

வழக்கம்போல மோசம். முழங்கால் முனகுகிறது. பக்கத்தில் ஓட ஒரு ஆள் இல்லை, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

கீழே பூமியில், கட்டுப்பாட்டு அறையில் ஜெபசிங் பணியில் இருக்கிறான். நம்ம ஊர்ப் பையன், எனக்குப் பத்து வயது இளையவன். "யக்கா, மெதுவாப் போங்க. ஆரம்பத்துலயே பாஞ்சுட்டு பொறவு படுத்துக்கிடாதீங்க."

இவன் வாழ்க்கையில் பேருந்துக்குக்கூட ஓடியிருக்க மாட்டான். ஆனால் சொன்னது சரிதான்.

நாற்பது வயதில்தான் ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் பெருமாள்புரத்தில் பால் வாங்க நின்ற ஒருத்தி கேட்டாள்: "யக்கா, ஆரு தொரத்துதா?" மூன்று தெரு தள்ளி நிஜமாகவே ஒரு நாய் துரத்தியது. அந்தத் தெருவில் இன்னும் ஒரே ஒரு தடவை ஓட வேண்டும். இறங்கி நான் செய்ய நினைப்பது அது ஒன்றுதான்.

06:35. எட்டு

முடியாது என்று தோன்றும்போது என்னிடம் ஒரே ஒரு தந்திரம் உண்டு. அடுத்த கதவு வரை மட்டும். அது வந்ததும், அதற்கு அடுத்த கதவு வரை. முப்பது என்று நினைத்தால் செத்தேன்.

துடிப்பு 158. இப்போதே இவ்வளவு. இன்றும் தேற மாட்டேன் போலிருக்கிறது. அழுகை வருகிறது, கோபமும் வருகிறது.

07:24. பதினைந்து

என்னமோ நடந்திருக்கிறது. கால் தானாகப் போகிறது. முழங்கால் வாயை மூடிக்கொண்டது. துடிப்பு 146. வேகம் கூடியிருக்கிறது, மூச்சு வாங்கவில்லை.

ஓடுகிறவர்களுக்குத் தெரியும், வருடத்தில் ஒரு நாள் இப்படி வரும். மாதக்கணக்காகப் பட்ட பாட்டையெல்லாம் உடம்பு சேர்த்து வைத்திருந்து ஒரே காலையில் திருப்பிக் கொடுக்கும். இன்றைக்கா வந்தாய், என் கண்ணே. சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஜெபசிங்கிடம் சொன்னேன்: "ஏலே, பாத்தியா?"

"பாக்கேன்க்கா. நல்லா ஓடுதீங்க."

குரலில் சந்தோஷமே இல்லை. பொறாமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

07:57. இருபது

தராசில் ஏறினேன். 55.

ஒன்பது கிலோ. ஒன்பது லிட்டர் வியர்வை போயிருந்தால் நான் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். இறங்கி மறுபடி ஏறினேன். 55.

பக்கத்து அலமாரியில் பத்துக் கிலோ இரும்புக் குண்டு இருக்கிறது, உடற்பயிற்சிக்கு. அதை எடுத்துத் தராசில் வைத்தேன். எட்டரை காட்டுகிறது, அதற்கு ஒரு மயிரிழை மேலே.

இரும்புக்கு வியர்க்காது.

சக்கரம் மெதுவாகிவிட்டது. நான் தேறவில்லை. எடைதான் குறைந்திருக்கிறது.

சீ. சிரித்தேனே.

08:04. இருபத்தொன்று

ஓட்டத்தை நிறுத்தாமலே கேட்டேன்: "ஜெபா, சக்கரத்தைக் குறைச்சது யாரு?"

பதில் சொன்னது ஒரு புதுக் குரல், மேலாளர்: "சுழற்சி வழக்கமான அளவில்தான் உள்ளது, மேடம். தராசு பழுதாகியிருக்கலாம். உங்கள் நேரம் மிகச் சிறப்பாக இருக்கிறது. தொடருங்கள்."

மேடமாம். இரண்டு தடவை தேறாதபோது என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத ஆள்.

08:12. இருபத்திரண்டு

ஜெபசிங் பராமரிப்பு அலைவரிசையில் வந்தான், தணிந்த குரலில். அப்படியே பதிகிறேன்.

"யக்கா, ஏழு மணிக்குக் குறைச்சாங்க. குறைச்சது நாந்தான், அவுங்க சொன்னாங்கன்னு. நிலையத்தை மூடப் போறாங்க. தேறாத ஆளை மேல வச்சுக் காப்பாத்தணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. தேறிட்டா இறங்கியே ஆகணும். வழியில உங்களுக்கு என்ன ஆனாலும் அவுங்க பொறுப்பில்ல. தேறிட்டாங்கன்னு ஒரு சான்று போதும் அவுங்களுக்கு. நான் உங்களுக்கும் நல்லதுதான்னு நெனச்சேன்க்கா. ஊருக்கு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கள்லா."

வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினேன். அதைப் பதியவில்லை.

08:20. இருபத்துமூன்று

அவர்களுக்குச் சான்று போதும். எனக்கு என் இதயம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இரும்புக் குண்டைப் பைக்குள் போட்டு முதுகோடு இறுக்கிக் கட்டினேன். தராசில் ஏறினேன். 64க்கு ஒரு முடி குறைவு. என் எடை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இனி ஓடுவதுதான் ஓட்டம்.

08:34. இருபத்துநான்கரை

168. தோள்பட்டையைப் பையின் வார் அறுக்கிறது. அடுத்த கதவு வரை.

171. மார்புப் பட்டை அலறுகிறது.

நின்றுவிட்டது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அலறல்தான் நின்றது. கீழேயிருந்து அணைத்துவிட்டார்கள். கழுத்தில் விரலை வைத்து நானே எண்ணுகிறேன்.

08:44. இருபத்தைந்தரை

நடைபாதைத் திரையில் சான்று வந்துவிட்டது. "இசக்கியம்மாள். முப்பது கிலோமீட்டர் நிறைவு, காலை 09:07. இதயம்: மிக நன்று. பயணத்துக்குத் தகுதி."

மணி 8:44தான் ஆகிறது. இன்னும் நாலரை கிலோமீட்டர் இருக்கிறது. நான் ஓடாததையும் அவர்களே ஓடி முடித்துவிட்டார்கள்.

08:49. இருபத்தாறு

துடிப்பு 184. கண் இருட்டுகிறது. இடது கை மரத்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

நடுவில் எடையைக் குறைத்துக் கொடுத்தும் இருபத்தாறுதான். போன தடவையும் இருபத்தாறுதான். உண்மைப் பதிவு இது. நான் தேறவில்லை.

திங்கள் 10:40

சக்கரம் இன்னும் குறைந்திருக்கிறது. தேநீர் கோப்பைக்குள் சோம்பேறித்தனமாக விழுகிறது.

ஜெபசிங்: "யக்கா, நீங்க கலத்துல ஏறலைன்னா மோட்டாரை அடியோட நிறுத்திருவாங்க. அடுத்த கலமே கெடையாது. நான் இன்னையோட வேலைய விட்டுட்டேன். எழுதிக் குடுத்துட்டேன், எல்லாத்தையும். யாரும் படிக்கலை."

ஏறாவிட்டால், எடையில்லாத இடத்தில் இதயம் நாளுக்கு நாள் தேயும். ஏறினால் இன்றைக்கே தெரிந்துவிடும். ஓடுகிறவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? பையை எடுத்துக்கொண்டேன். குண்டை மட்டும் தராசின் மேலேயே விட்டு வந்திருக்கிறேன். யார் வந்தாலும் பார்க்கட்டும்.

திங்கள் 14:02. இறங்குகலம்

கனக்கிறது. இரண்டு மடங்கு இருக்கும். வழக்கமான நாலாவது கிலோமீட்டர் மாதிரி. தாங்கலாம்.

14:04

நாலு மடங்கு. மார்பில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சன்னல் சிவப்பு. பெருமாள்புரத்தில் இந்நேரம் வெயில் கொளுத்தும், யாரும் ஓட மாட்டார்கள். நாய்கள் நிழலில் படுத்திருக்கும்.

14:05

அடுத்த கதவு வரை

மட்டும்

அது வந்ததும்

அதற்கு அடுத்த

14:31. தானியங்கிப் பதிவு

கலம் தரையிறங்கியது. பயணி அழைப்புக்குப் பதிலளிக்கவில்லை. பயணியின் இதயத் தகுதிச் சான்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.