பிஸ்கட் மேல் போட்ட பழி

டிசம்பர் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஒன்று. குருவிகளுக்கு விதை போட்டுத் தோட்டத்தில் தொங்கவிட்டிருக்கும் தீனிக்குழாய்க்கு நேர் கீழே, உறைபனி பூத்த புல்மேல் பச்சைக் குருவி மல்லாந்து கிடந்தது. மூன்றாவது. செடி மறைவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பக்கத்து வீட்டு க்ளெம்மின் பூனை பிஸ்கட். வேறு யார் செய்திருப்பார்கள்?

கோபத்தில் ஸ்லிப்பரோடு வேலிவரை போய்க் கத்திவிட்டேன். “உங்க மகாராணிக்கு வீட்டுல சாப்பாடே போடறதில்லையா?”

க்ளெம் எப்போதும்போல் சிரித்தார். “அவளுக்குப் பதிமூணு வயசு அம்மணி. சோபாவுல ஏறவே என்னைத் தூக்கிவிடச் சொல்றா.”

“எல்லாம் நடிப்பு” என்றேன்.

டிசம்பர் 4, புதன்

கடல்நாய் பார்க்கப் போனோம். முதியோர் இலவச பஸ் பாஸ் ஒன்பதரைக்கு அப்புறம்தான் செல்லும், அதனால் வழக்கம்போல் பத்து அஞ்சு பஸ். ஃப்ளாஸ்க்கில் டீ, முட்டை சாண்ட்விச். க்ளெம்மின் மனைவி இறந்த பிறகு ஆறு குளிர்காலமாக எங்கள் புதன்கிழமைகள் இப்படித்தான். காற்று காதை அறுத்தது. மணலில் வெள்ளைக் குட்டிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒன்று எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

பிஸ்கட் கழுத்தில் இரண்டு மணி கட்டிவிட்டதாகச் சொன்னார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “ஜனவரிப் பறவைக் கணக்கெடுப்புல போன வருஷம் எனக்குப் பதினொரு பச்சைக் குருவி. தெருவுலயே நான்தான் அதிகம். இந்த வருஷம் ஒண்ணுகூட மிஞ்சாது போலிருக்கு.”

ஃப்ளாஸ்க் மூடியை இறுக்கித் திருகினார். பிறகு, “அவளை வேற எங்கயாவது அனுப்பிடவா?” என்றார்.

“உங்க இஷ்டம்” என்றேன். வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லையே.

டிசம்பர் 12, வியாழன்

க்ளெம்மின் அண்ணன் மகள் லொரெய்ன் கிரிம்ஸ்பியிலிருந்து வந்து பிஸ்கட்டைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனாள். ஐந்தாவது மாடி வீடாம். குருவி, கிருவி எதுவும் கிடையாது. கார் போன பிறகும் க்ளெம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் குருவிகளும் பாவம்தானே?

டிசம்பர் 18, புதன்

வாத்துகள் பார்த்தோம். பிஸ்கட் சாப்பிடவில்லையாம். சலவை மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறதாம். “பழகிடும்” என்றேன். “பழகிடும்” என்றார் அவரும்.

டிசம்பர் 25

க்ளெம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தார். பரிசு என்ன தெரியுமா? இருபது கிலோ சூரியகாந்தி விதை மூட்டை. தோளில் சுமந்து வந்திருக்கிறார், எழுபத்தைந்து வயதில். அதில் ஒரு சீட்டு: ‘பிஸ்கட் செய்த பாவத்துக்கு.’ நான் சிரித்து, அவருக்கு இன்னொரு துண்டு வான்கோழி வைத்தேன்.

ஜனவரி 6, திங்கள்

தீனிக்குழாய் மேல் ஒரு பச்சைக் குருவி. உடம்பெல்லாம் உப்பி, பந்து மாதிரி. நான் பக்கத்தில் போயும் பறக்கவில்லை. விதையை வாயில் வைத்து வைத்துத் துப்பியது. அலகு ஈரமாக இருந்தது. மத்தியானம் கீழே விழுந்து கிடந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

பிஸ்கட் போய் மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்டது. அப்படியென்றால்?

ஜனவரி 8, புதன்

சதுப்பு நிலத்துக்குப் போனோம். பறவை பார்க்கும் மரக் குடிலில் தெல்மா என்று ஒரு தன்னார்வலர். க்ளெம் டீ வாங்கப் போன நேரத்தில், குருவிகள் சாவதைப் பற்றி, சும்மா யார் வீட்டிலோ நடந்தது போல் கேட்டேன்.

தெல்மா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “தொண்டை நோய். ஒண்ணோட எச்சில் பட்ட தீனியை இன்னொண்ணு தின்னு பரவுது. பச்சைக் குருவிங்க கூட்டம் கூட்டமா சாகுது. தீனிக்குழாயை அவங்க கடைசியா எப்பக் கழுவினாங்களாம்?”

ஈஸ்டருக்கு. போன ஈஸ்டருக்கு.

“தெரியல” என்றேன். க்ளெம் மூன்று கோப்பையோடு வந்தார். “என்ன அம்மணி, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?” குளிர் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

தீனிக்குழாய்களைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் போட்டேன். அடியில் பச்சையும் கறுப்புமாகக் கூழ். அந்த நாற்றம்! முப்பத்தோரு வருஷம் பள்ளிச் சமையற்கட்டில் வேலை பார்த்தவள் நான். ஒரு கரண்டியில் பிசுக்கு இருந்தால் சக சமையல்காரிகளை உண்டு இல்லை என்று ஆக்கியவள். அடியே டோரீன், உனக்கு வெட்கமாயில்லை?

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 10

சொல்லவில்லை.

ஜனவரி 15, புதன்

பஸ்ஸில் முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை ஓட்டுநர் பிரேக் போட்டார். இரண்டாவது தடவை க்ளெம் வயலில் ஒரு முயலைக் காட்டினார். மூன்றாவது தடவை எந்தச் சாக்கும் இல்லை. “சாண்ட்விச்சுக்கு உப்பு போதுமா?” என்று கேட்டேன்.

கால்நடை டாக்டர் பிஸ்கட்டுக்கு ஊசி போட்டிருக்கிறாராம். உடம்பு பாதியாகிவிட்டதாம். “கதவு திறந்தாப் போதும், ஓடிவந்து யாருன்னு பார்க்கிறாளாம்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ஒரு உயிர் பட்டினி கிடக்கிறது, நான் இங்கே உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா அது இந்நேரம் வீட்டுல இருந்திருக்கும்ல? சொன்னா என்னை என்னன்னு நினைப்பார்னு பயந்து... சீ, என்ன பொம்பளை நான்!

ஜனவரி 21

இன்றும் இல்லை.

ஜனவரி 25, சனி

கணக்கெடுப்பு. வருஷா வருஷம் இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஊரே ஜன்னலில் உட்கார்ந்து பறவை எண்ணும். நான் எண்ணுவேன், க்ளெம் எழுதுவார். ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர். நேரம் பார்ப்பதும் அவர்தான், ஒரு நிமிஷம் முன்னே பின்னே போகவிட மாட்டார். நீலச் சிட்டு ஆறு, கருங்குருவி இரண்டு, புறா நான்கு, சிவப்பு நெஞ்சு ராபின் குருவி ஒன்று.

“பச்சைக் குருவி?”

“இல்ல.”

“ஒண்ணுகூடவா?” பென்சிலை வைத்துக்கொண்டு தோட்டத்தையே பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் மெதுவாகப் பூஜ்யம் போட்டார். “தப்பு என்மேலதான் அம்மணி. நீங்க சொன்ன அன்னைக்கே அவளை அனுப்பியிருக்கணும். செல்லத்துல பத்து நாள் இழுத்தடிச்சிட்டேன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! என் சமையலறையில், என் பிஸ்கட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெங்காயம் கூட நறுக்கவில்லை, என்ன காரணம் சொல்வது? “சளி” என்றேன்.

ஜனவரி 29, புதன்

சொல்லிவிட்டேன்.

பனித்துளிப் பூ பார்க்கப் போகும் வழியில், பஸ் கிளம்பின இரண்டாவது நிறுத்தத்திலேயே. அவர் முகத்தைப் பார்த்தால் வராது என்று முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “பிஸ்கட் ஒண்ணையும் கொல்லல. நான்தான். தீனிக்குழாயைப் பத்து மாசமா கழுவல. நோய் வந்து செத்துருக்கு.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “எப்பத் தெரியும் உங்களுக்கு?” என்றார்.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நம்பியிருப்பார்.

“எட்டாம் தேதி. நீங்க டீ வாங்கப் போனப்ப.”

விரல் விட்டு எண்ணினார். “மூணு வாரம்” என்றார். அவ்வளவுதான். மணியை அழுத்தினார். நடு வயலில் ஒரு நிறுத்தம். இறங்கி, சாலையைக் கடந்து, கிரிம்ஸ்பி பஸ் வரும் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பூவும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். சாண்ட்விச் இரண்டு பேருக்கானதும் பையிலேயே இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

பிஸ்கட் வந்துவிட்டது. க்ளெம் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் நின்றார். தலை மட்டும் தெரிந்தது, எவ்வளவு சின்னதாகிவிட்டது! வேகவைத்த மீன் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. படியில் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தட்டு என் வாசலில் இருந்தது. கழுவி வைத்திருந்தார்.

பிப்ரவரி 12, புதன்

க்ளெம் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். ஒரே இடத்தில் இறங்கி ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். நன்றாக வேண்டும் எனக்கு.

பிப்ரவரி 20

தீனி போடுவதை நிறுத்திவிட்டேன். தோட்டம் ஓ என்று கிடக்கிறது. ராபின் மட்டும் வருகிறது, அதற்குப் புழு பொறுக்க நான் மண் கிளறினாலே போதும்.

மார்ச் 5, புதன்

பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் துணி உலர்த்தப் போனேன். செடி மறைவில் பிஸ்கட். உடம்பு தேறியிருக்கிறது, முடி பளபளக்கிறது. வாயில் ராபின்.

அப்படியே நின்றுவிட்டேன். கழுத்தில் மணி இல்லை. நான் உண்மையைச் சொன்ன பிறகு க்ளெம்தான் கழற்றியிருப்பார், வேறு யார்?

வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம். க்ளெம்தான். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “பிஸ்கட் அந்தப் பக்கம் வந்தாளா, அம்மணி?”

அம்மணி என்றார். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு!

நனைந்த போர்வையைக் கையில் விரித்துப் பிடித்தபடி செடிக்கு முன்னால் வந்து நின்றேன். “வந்தா. நல்லா ஓடியாடறா.”

“தொந்தரவு ஏதும் பண்ணலியே?”

“ச்சே, அவ என்ன பண்ணுவா? வயசான ஜீவன்.”

தலையாட்டினார். “சாண்ட்விச் ரெண்டு பேருக்குப் போட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிஸ்கட் போட்டுவிட்டுப் போன ராபினை ரோஜாச் செடிக்கடியில் ஆழமாகவே புதைத்தேன். நகத்துக்குள் மண் தங்காமல் கை கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு பத்து அஞ்சு பஸ்ஸுக்கு ஓடினேன். வழி முழுக்க க்ளெம் பிஸ்கட்டைப் பற்றியே பேசினார், ஒரு ஈயைக்கூட அடிக்கத் தெரியாதவளாம். ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.