மூச்சு விடாத குரல்

மார்ச் 4
டப்பிங் இல்லாத நாள். மாவு அரைத்தேன். மதியம் காவல் நிலையத்திலிருந்து போன். நாளை வரச் சொன்னார்கள். சீரியல் மாமியாருக்குக் குரல் கொடுப்பவளிடம் போலீஸுக்கு என்ன வேலை? என் வீட்டுக்காரர் கதிரேசன் சிரித்தார். "ரசிகருங்களா இருப்பாங்க, போய்ட்டு வா."

மார்ச் 5
எழுதக் கை வரவில்லை.
மந்தைவெளியில் தனியாக இருக்கும் ஜானு மாமி என்ற வயதானவருக்கு, போலீஸ் என்று சொல்லி ஒரு பெண் போன் செய்திருக்கிறாள். "உங்க பையன் எங்க கஸ்டடில இருக்கான். கதவைச் சாத்துங்க. யார்கிட்டயும் பேசக் கூடாது." பேசிப் பேசியே சேமிப்பை முழுக்க வாங்கிவிட்டாள். அது அந்த சீரியல் மாமியார் குரல் என்று மாமியே புகாரில் சொல்லியிருக்கிறார். மாமியின் போனில் பதிவாகியிருந்த அந்தப் பேச்சில் கொஞ்சம் இன்ஸ்பெக்டர் போட்டுக் காட்டினார். ஒரு நொடி, இது எந்த எபிசோடு என்று யோசித்தேன்!
என் குரல்தான். ஆனால் நான் பேசவில்லை. யார் நம்புவார்கள்?

மார்ச் 7
சென்ற வருஷம் ஒரு கம்பெனிக்காகக் கோபம், அழுகை, மிரட்டல் என்று வாக்கியம் வாக்கியமாக வாசித்துக் கொடுத்தேனே, ஏஐக்குக் கற்றுக்கொடுக்க என்று — அதிலிருந்தா? அந்தக் கம்பெனி நம்பருக்கு அடித்தேன், இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

மார்ச் 12
கோர்ட் உத்தரவுப்படி குரல் மாதிரி கொடுத்தேன். அந்த மிரட்டலையே தாளில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் இத்தனை வருஷப் பழக்கம் — மூச்சை அடக்கி, மாமியாராகவே மிரட்டிவிட்டேன். ஐயோ!
"அப்படியே அதே மாதிரி கீது மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.
கதிரேசன் தலையில் கைவைத்துக்கொண்டார். "படின்னா படிக்க வேண்டியதுதானே? இன்னாத்துக்கு நடிச்சே?"

மார்ச் 20
இரண்டு குரலையும் ஒப்பிட்ட மென்பொருளின் அறிக்கை வந்துவிட்டது. தொண்ணூற்றாறு சதவீதம் பொருத்தம். குற்றப்பத்திரிகைக்கு இதுவே போதும் என்கிறாராம் அரசு வக்கீல். பயமா இருக்கு. சோறு இறங்கல. மெஷின் பொய் சொல்லாதுன்னா, அப்ப நான்தான் பொய்யா?

மார்ச் 24
பெங்களூரிலிருந்து மணிமொழி கூப்பிட்டாள். பெற்ற பெண்ணோடு பேசக்கூடப் பயம். எடுக்கவில்லை.

மார்ச் 27
ஜானு மாமியை எனக்கு எதிரே உட்காரவைத்து, என்னைப் பேசச் சொன்னார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகையும் இரைப்பும்தான் வந்தது. "நான்... இல்ல மாமி..."
மாமி கண்ணைத் திறந்தார். "இவ இல்லை."
"அந்தக் குரல்னு நீங்கதானே மாமி சொன்னீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.
"குரல் அதேதான். ஆனா இவளுக்கு மூச்சு வாங்கறது. அவ அத்தனை நாழி பேசிண்டே இருந்தா, ஒரு தடவை மூச்சு விடலை. முழுசாப் போட்டுக் கேளுங்கோ."
போட்டார்கள். மூச்சே இல்லை. நான் எவ்வளவு அடக்கினாலும் இரண்டு வரிக்கு மேல் தாங்காது.
"எழுதிக்கோங்கோ" என்றார் மாமி. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 3
இப்போதைக்குக் கைது இல்லை. பதிவு வேறொரு ஆய்வகத்துக்குப் போகிறது.
மணிமொழியை நானே கூப்பிட்டேன்.
"ஏம்மா, மாடி ஏறி வந்தியா? இப்படி மூச்சு வாங்குது?"
நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பேசுவது நான்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. மூச்சை இன்னும் சத்தமாக விட்டேன்.