மாத்திரையை நிறுத்தியது ஏன்

என் செல்லக் குட்டிக்கு அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்த முறை அது வரவில்லை.

"ஏம்ப்பா மாத்திரையை நிறுத்துனீங்க" என்று போனில் நீ கத்தி அழுதபோது நான் போனை வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். நீ அனுப்பிய மெக்னீசியம் மாத்திரையை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அம்மாவுக்குக் கொடுத்தேன். அவள் புற்றுநோயை எதிர்க்க உடம்பையே தூண்டிவிட ஒன்று ஏற்றுகிறார்களே, அந்த மருந்தோடு இது சேர்ந்தபோது எலிகளுக்குக் கட்டி சுருங்கியதாம், மனிதர்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பொண்ணு தேடிப் படிச்சு அனுப்புனது" என்று மருந்து ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர்களிடமெல்லாம் ஒரே பெருமை, யூனிபார்ம் கம்பெனியில் தையல் மிஷின் சத்தத்தையே மீறிப் பேசினவள், கேட்க ஆள் கிடைத்தால் விடுவாளா.

பிறகு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடந்தே துவண்டுபோனாள். ஏற்றுகிற மருந்தால் குடல் புண்ணாகியிருந்தால் உயிருக்கே ஆபத்து, மாத்திரையால் என்றால் நிறுத்தினால் நிற்கும், முதலில் அதை நிறுத்துங்கள் என்று டாக்டர்தான் சொன்னார். போக்கு நின்றது. பிழைத்தோம் என்று நினைத்தேன். அடுத்த ஸ்கேனில் கட்டி கல்லீரலுக்கும் போயிருந்தது. மாத்திரையை விட்டதாலா என்று நானும்தான் கேட்டேன். "அதனால இல்லைங்க, பெரிய மருந்தே இவங்களுக்குக் கேக்கல" என்றார். இனி அதுவும் கிடையாதாம், வலிக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம்.

வெளியே வந்து நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உன் அம்மா "எலியாப் பொறந்திருந்தாப் பொழச்சிருப்பேன் போல" என்று சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் படுத்தவள்தான், கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். லேத்தில் எத்தனை இரும்பைக் கடைந்து வழிக்குக் கொண்டுவந்தவன், இப்போது அவள் காலை அமுக்கிவிடுவதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை. நேற்று "அவ தன்மேலயே பழியப் போட்டுக்குவா, திட்டிடாதீங்க" என்றாள். உன் மேல் எந்தத் தப்பும் இல்லையம்மா. என் மேலும் இல்லை என்கிறார்கள், மனசில்தான் ஒட்டமாட்டேன் என்கிறது.

நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு. வேறொரு மாத்திரை பற்றிப் படித்ததாகச் சொன்னாயே, அதை அனுப்பாதே. லீவு கேள், தராவிட்டாலும் கிளம்பிவிடு. அவள் உன்னோடு பேசுகிற நிலையில் இருக்கும்போதே வந்துவிடு.

உன் அப்பா