பொருத்தனையும் முருங்கைக்கீரையும்

மார்ச் 5, புதன்
காலையிலேயே வெயில். லெந்து நோன்பு இன்று ஆரம்பம். இடது காலில் இரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த இவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம். இவர் கால் சுகமாக நான் ஆண்டவரிடம் பண்ணிய பொருத்தனை: ஈஸ்டர் வரை வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. இருவருக்கும் தினமும் பருப்பும் கீரையும்தான்.
வாங்க: துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், இவருக்கு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை.
கீரை வாங்க வேண்டாம். கொல்லையில் முருங்கை தழைத்து நிற்கிறது.

மார்ச் 13, வியாழன்
பத்தாம் வகுப்பு. திருப்புதல். இரத்தச் சுற்றோட்டம். இதயப் படம் ஒருத்திகூட ஒழுங்காகப் போடவில்லை. இரத்தம் ஊறக் கீரை சாப்பிடுங்கள் என்றேன்.
மதியச் சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோனதும் கீரைதான். இரவு இவர் தட்டைப் பார்த்து, "ஏட்டி, இன்னைக்கும் கீரையா?"
"இரத்தத்துக்கு நல்லது. சாப்பிடுங்க."
வழித்துச் சாப்பிட்டார். இந்த மனுஷனுக்கு எப்போது வந்தது இத்தனை பொறுமை!

மார்ச் 24, திங்கள்
விடிந்ததும் மூச்சு வாங்கியது. காலில் கட்டிய இரத்தத்தில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போய்விட்டதாம். ஐ.சி.யூ. இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கணும். இவருக்கு 1.2.
டாக்டரம்மா: "டீச்சர், மாத்திரை ஒழுங்கா குடுக்கியளா?"
"ஒரு வேளைகூட விடல."
"கீரை?"
"தினமும்."
பேனாவைக் கீழே வைத்தார். "எப்பவும் ஒரே அளவா கொஞ்சம் சாப்பிட்டா பரவால்ல. கீரையில இரத்தத்த உறைய வைக்கிற சத்து இருக்கு; திடீர்னு தினமும்னா மாத்திரை வேலை செய்யாதே டீச்சர்."
இரத்தம் குறைவது ஒரு நோய். உறைவது வேறு நோய். இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன்.
அழுகை வரவில்லை. வெளியே நாற்காலிகளை எண்ணினேன். பதினொன்று.

மார்ச் 27, வியாழன்
பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இட்லி ஒன்றரை. கால் வீக்கம் அப்படியே.
மெல்லச் சொன்னார்: "கீரை ஆவாதுன்னு போன மாசம் வீட்டுக்கு விடும்போதே எங்கிட்ட சொல்லித்தான் அனுப்புனாங்க."
"ஏன் சொல்லல?"
"எனக்காவ பொருத்தனை பண்ணிட்டு நிக்க. அத முறின்னு எப்படிச் சொல்லுவேன்?"
கோபமா என்னவென்று தெரியவில்லை. உள்ளே மரத்துக் கிடக்கிறது. தண்ணீர் பாட்டிலை நிரப்பி வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி
மேகம். பள்ளிக்கு லீவு. சந்தையில் மீன் வாங்கினேன். லெந்து வெள்ளிக்கிழமை; சபை ஆட்கள் யாராவது பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.
வார்டில் தூக்குச்சட்டியைத் திறந்ததும், "ஏட்டி, ஈஸ்டருக்கு இன்னும் நாள் கிடக்கே?"
"கிடக்கட்டும். சாப்பிடுங்க."
முள் எடுத்துக் கொடுத்தேன். மிச்சம் வைக்கவில்லை. பிறகு சட்டியில் ஒட்டியிருந்த குழம்பில் நானும் சோறு பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.
உப்பே போடவில்லை.
இன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.