நீங்கள் "யெஸ்" சொன்ன கேள்வி

அன்புள்ள இஞ்சாருங்கோ,

தேவாலய வரலாற்றுப் புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடாததால் நான் அதை எறிந்துவிட்டு வந்தேன் என்று இங்கே கதைக்கிறார்கள். எறியவில்லை; மூடி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். உங்கள் பெயரும் அதில் இருக்கிறது, எழுத்துப் பிழையில்லாமல். பிழை அதற்கு அடுத்த வரியில்.

எங்கள் ஏரிக்கரைத் தேவாலயத்தை மூடுகிறார்கள். காலை ஆங்கில ஆராதனைக்கு ஒன்பது பேர், மாலைத் தமிழ் ஆராதனைக்குப் பதினைந்து பேர். கூரையைத் திருத்த எங்களால் முடியாது. கட்டடம் குழந்தைகள் காப்பகமாகப் போகிறது. அதற்கு முன் ஒரு ஞாபகம் இருக்கட்டும் என்று ஹெலன் இந்தச் சிறு வரலாற்றை எழுதினார். காலையில் ஓர்கன் வாசிப்பாரே, அவர்தான்.

நன்றாகவே எழுதியிருக்கிறார். கோடைக்கு ரயிலில் வந்த ஆங்கிலக் குடும்பங்கள் வயலில் பொறுக்கிய கல்லால் அதைக் கட்டியது, அவர்களின் பிள்ளைகள் ஒன்ராறியோவுக்குப் போனபின் வாங்குகள் வெறுமையானது, யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன் குடும்பங்கள் வந்து அமர்ந்தது. கடைசிப் பக்கத்தில் நீங்கள்: மணி அடித்தவர், படியில் பனி அள்ளியவர், இரண்டு சபைக்கும் கதவு திறந்தவர். அதன்கீழே, "அவர் தனியாக வாழ்ந்தார்; தேவாலயமே அவருடைய குடும்பம்."

ஹெலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இங்கே கெபெக்கில் சட்டப்படி கலியாணத்துக்குப் பிறகும் மனைவிக்குத் தகப்பன் பெயர்தானே தொடர்கிறது. பதிவேட்டில் நீங்களும் நானும் வேறு வேறு ஆட்கள். அதனால் வந்த குழப்பம் என்று நினைத்தேன். அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு, தயங்கித்தான் சொன்னார், நீங்கள் கண்மூடுவதற்கு முன் உங்களிடமே கேட்டாராம். நீங்கள் தனியாக இல்லையே என்று. நீங்கள் "யெஸ்" என்றீர்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லையே?" என்று கேட்டால் தமிழில் "ஓம், இல்லை" என்போம், ஆங்கிலத்தில் "நோ" என்றுதான் தொடங்க வேண்டும். கொன்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் பிரம்போடு நின்று படிப்பித்த பாடம். உங்களுக்கு எத்தனை தடவை திருத்தியிருப்பேன், ஆட்களுக்கு முன்னாலும். ஒருநாள் நீங்கள் சொன்னீர்கள்: "நீர் திருத்தித் திருத்தி நான் கதைக்கிறதையே விட்டிட்டன்."

என்னைக் காரில் ஏற்றி இறக்கும் செல்வி, "அக்கா, ஒரு வரிக்கு ஏன் இந்த அந்தரம்? மாத்தி அடிப்பினம்தானே," என்றாள். மாற்றி அடிக்கிறார்கள். ஆனால் சிரித்த அன்றே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மறுநாள் ஹெலனிடம் திரும்பக் கேட்டேன்: "தனியாக இல்லையே" என்றா கேட்டீர்கள், "தனியாகவா இருக்கிறீர்கள்" என்றா? சரியாக நினைவில்லை என்கிறார்.

சனிக்கிழமை முழுவதும் தேவாலயத்திலேயே நிற்பீர்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று நான் கேட்டதில்லை. வந்ததும் சப்பாத்துப் பனி நிலத்தில் சொட்டுகிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் உங்களோடு யார் இருந்தார்கள்?

கடைசி ஆராதனைக்கு நான் வருவேன். என் முன்வாங்கில் அல்ல, மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்த இடத்தில். இது என் வாக்கு.

எந்தக் கேள்விக்கு "யெஸ்" என்றீர்கள்? தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்த மாட்டேன்.

உங்கள் மனைவி,
கிறேஸ்