மாரி டீமுக்கு விழுந்த சிவப்புப் பூ

மார்கழி 20, செவ்வாய்

பனி. விறகெல்லாம் ஈரம். அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். பூஜை முடிவதற்குள் வெயில் வந்துவிட்டது.

ரேஷன் கார்டுக்கு மண்ணெண்ணெய் இன்றும் இல்லை. கடைக்காரன் நாளை வரச் சொன்னான். நேற்றும் அதையேதான் சொன்னான்.

மில் லைன் வீடுகளில் ஒரே பேச்சு. எங்கள் மாரி கால்பந்து டீமைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிறாராம் மு. (முதலாளி என்று முழுதாக எழுத இன்று மனம் வரவில்லை.) அங்கே ஏதோ நூல் மில்லில் பங்கு வாங்கியிருக்கிறார். இங்கே அறுவடைக் கூலி கேட்டு ஆட்கள் கொடி நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சம்பா தலை சாய்ந்து வயலிலேயே நிற்கிறது. நில உச்சவரம்பு ஆபீசிலிருந்து வேறு வந்து பட்டாவைக் கேட்கிறார்கள். சமையற்காரன் பேரில், மைத்துனன் பேரில், செத்துப்போன மாமியார் பேரில் எல்லாம் நிலம் எழுதி வைத்தாயிற்று. இனி நாய் பேர்தான் பாக்கி. ஆகவே ரைஸ் மில்லை மூடிவிட்டு ஓட்டம்.

ஓடுகிறவர் தனியாக ஓடலாம். டீமையும் மூட்டை கட்டவேண்டுமாம். அங்கே டீமைக் காட்டினால்தான் மதிப்பாம்.

என் வீட்டுக்காரர்தான் டீமுக்குக் கேப்டன். சம்பளம் மில்லில், வேலை மைதானத்தில். இந்த வீடும் மில் கொடுத்தது. சாப்பிடும்போது, நாமும் போகிறோமா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். ரசம் கேட்டார். பந்து வந்தால் காலை விடத் தெரிகிறது. கேள்வி வந்தால் ரசம்.

மார்கழி 22, வியாழன்

கத்தரிக்காய், கொத்தவரை, ½ வீசை புளி. கணக்கில் ஏற்றியாயிற்று.

கணக்குப்பிள்ளை பனியன்களைக் கொண்டுவந்து போட்டான். முதுகில் 'கும்பகோணம்' என்று தைத்திருப்பதைப் பிரிக்க வேண்டுமாம். தைத்தவள் நான். பச்சை நூல், இரட்டை இழை. பிரிப்பதும் நானே. பக்கத்து வீட்டுக் கமலாவும் வந்து உட்கார்ந்தாள். கோல் கீப்பர் பெண்டாட்டி.

"மாரி டீம்ங்கற பேரு மட்டும் அப்படியே இருக்குமாம்க்கா. ஊருதான் வேணாமாம்."

"மாரி எந்த ஊர்ல இருக்கா? அவளையும் பெட்டியில போட்டுக் கொண்டுபோறாங்களாமா?"

"எனக்கென்னக்கா தெரியும். கோயம்புத்தூர்ல குழாயத் திறந்தா இனிப்புத் தண்ணின்னு சொல்றாங்க."

காவேரி ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு குழாய்த் தண்ணீருக்கு ஏங்குகிறாள். இவளை என்ன செய்வது. எழுத்தைப் பிரித்தாலும் ஊசி ஓட்டை அப்படியே தெரிகிறது. தெரியட்டும்.

சாயங்காலம் மைதானத்தில் கண்டனக் கூட்டம். ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் மேஜை மேல் ஏறி முழங்கினார். "இந்த மண்ணின் கால்கள் அவை. ஒரு காலைக்கூட வெளியே விடமாட்டோம்." கைதட்டல். கூட்டம் முடிந்ததும் நேரே மு. வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தாராம். சாமி இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை தோறும் படித்துறைப் பக்கமாக வந்து மாரியிடம் விபூதி வாங்கி, தெரு வருமுன் துண்டால் துடைத்துக்கொள்கிற மனுஷர். அந்த நெற்றிக்கு இந்த வாய் பொருத்தம்தான்.

மார்கழி 23, வெள்ளி

மறக்குமுன் எழுதிவிடவேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டத்துக்கு முன் பந்துக்குப் பூஜை உண்டு. தோல் சன்னிதிக்குள் வரக்கூடாது. ஆகவே பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடரை மட்டும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து மாரி காலடியில் வைப்போம். வெளியே வந்து தோலுக்குள் திணித்து, அவர் வாயால் ஊதி, லேஸ் கட்டுவார். ஜெயித்து வந்தால் அந்தக் கப்பில் ஆற்று நீர் மொண்டு மாரிக்கு அபிஷேகம். கடைத்தெருவே படித்துறையில் நிற்கும். பிளாடர் கழுவுவது எப்போதும் நான்தான். இன்றும் கழுவிக் கொண்டுபோனேன்.

மு. வந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம். பிளாடரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் போறேன் வர்றேன்னு ஆளாளுக்குப் பேசுறீங்க. முடிவு பண்றது நானா? மாரிகிட்டக் கேட்டுருவோம். பூக் கட்டிப் பாருங்க பூசாரி."

மார்கழியில் பூக் கட்டிப் பார்க்கிற வழக்கமே இல்லை. ஆனாலும் பூசாரி பூ எடுக்கப் போனார். கோயிலுக்கு ஓடு போட்டுத் தந்தவர் மு. ஆயிற்றே.

மற்ற ஊரில் எப்படியோ, எங்கள் மாரி சன்னிதியில் முறை இப்படி. கேட்கிறவர், எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்பதை ஒரே ஒருவர் காதில் மட்டும் சொல்லவேண்டும். பூவை மடிக்கிறவருக்கும் எடுக்கிற குழந்தைக்கும் தெரியக்கூடாது. பூ வந்தபிறகு காது கொடுத்தவர் சன்னிதியில் நின்று உரக்கச் சொல்லவேண்டும். பெரும்பாலும் வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். ஆனாலும் காதில் சொன்னதுதான் செல்லும்.

மு. அவரைக் கூப்பிட்டார். "கேப்டன், காதைக் குடு." குனிந்து என்னவோ சொன்னார்.

பூசாரி நந்தியாவட்டையை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்துப் போட்டார். கமலாவின் சின்ன மகள் எடுத்தாள். சிவப்பு.

கூட்டத்தில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு. சலூன் வைத்திருக்கிற ஆறுமுகம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மு. முகம் மட்டும் ஒரு நொடி சுருங்கியது. பிறகு சிரித்தார். "பாத்தீங்களா, மாரியே உத்தரவு குடுத்துட்டா. சிவப்புன்னா போகலாம்னுதான் கேட்டேன். சொல்லு கேப்டன்."

பூசாரி அவரைப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் பிளாடரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க. சிவப்புன்னா போகலாம்னு சொன்னாங்க" என்றார் அவர்.

பூசாரி மு.வுக்கு விபூதி கொடுத்தார். ஆறுமுகம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பிளாடரை அவரிடம் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மார்கழி 24, சனி

பெருமாளுக்கு எள் விளக்கு. வயிறு சரியில்லை, கஞ்சி.

துணி உலர்த்தும்போது பின்னால் வந்து நின்றார். நான் திரும்பவில்லை.

"வெள்ளைன்னா போகலாம்னுதான் சொன்னாரு" என்றார்.

தெரியும் என்றேன்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? இல்லைன்னு சொன்னா வேலை போயிடும். வீடு போயிடும். இந்த வயசுல வேற எவன் என்னை டீம்ல சேப்பான்?"

சரிதான். வேலை போய்விடும். வீடும் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா. மு.வைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த ஆளின் சுபாவமே அது. ஆனால் மாரி முன்னால் நின்று, அவள் போகாதே என்று சொன்னதைப் போ என்று மாற்றிச் சொன்ன வாய் என் வீட்டில் சாப்பிடுகிற வாய்.

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் இரு என்றாள், இருக்கிறேன்.

"எங்க இருப்ப?"

"அதை உங்க முதலாளிகிட்டயே கேளுங்க. உங்க காதுல சொல்லுவார்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

மார்கழி 29, போகி

பழைய பாய், விளக்குமாறு எரித்தேன். புதுப் பானை, மஞ்சள் கொத்து, கரும்பு இரண்டு.

கணக்குப்பிள்ளை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். டீமோடு போகாதவர்கள் தை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும். பண்டிகை நாளும் அதுவுமாகச் சொல்ல வந்தவனுக்குக் கரும்பு வேறு கேட்கத் தெரிந்தது. கொடுத்தேன். நுனிப் பக்கம்.

வலங்கைமானில் தம்பி வீடு இருக்கிறது. தம்பி பெண்டாட்டியும் இருக்கிறாள். அதை நினைத்தால் கோயம்புத்தூரே தேவலை போலிருக்கிறது. ஆனாலும் போகப்போவதில்லை.

தை 1, பொங்கல்

பால் கிழக்கே பொங்கியது. அவர் குலவைச் சத்தம் வரும்வரை பின்கட்டிலேயே நின்றார். சாமிக்கு முன்னால் வரவில்லை. அந்த அளவுக்காவது வெட்கம்.

தை 4, திங்கள்

அவருக்கு மட்டும் பெட்டி கட்டினேன். வேட்டி, பூட்ஸ், ஒரு தட்டு, ஒரு டம்ளர், எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. என் புடவை எதுவும் வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. கமலா போனாள். அவள் குழாயைத் தேடிப் போகிறாள், போகட்டும். போகுமுன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களும் வாங்களேன்க்கா. அங்க நான் யார்கிட்டப் பேசுவேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கப்புகள் எல்லாம் மரப்பெட்டியில் ரயிலேறினவாம். வட்டச் செயலாளர் வந்து எல்லாருக்கும் மாலை போட்டாராம். ஒரு காலைக்கூட விடமாட்டேன் என்றவர் எல்லாக் கால்களையும் ஏற்றிவிட்டுக் கொடியசைத்தாராம். மு. காரில் முன்னாலேயே போய்விட்டார். டீமை மூன்றாம் வகுப்பில் அனுப்பிவிட்டு.

தனியாளுக்கு உலை வைக்கத் தெரியவில்லை. அரிசி கூடிவிட்டது.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

மத்தியானம் வாசலில் பெட்டியோடு நின்றார். ரயிலிலிருந்து தஞ்சாவூரில் இறங்கி பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். தஞ்சாவூர் வரைதான் கோயம்புத்தூர் இவருக்கு.

என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ரயிலில் கணக்குப்பிள்ளை சொன்னானாம், கோயம்புத்தூரில் பெரிய வரவேற்பு, மேடையில் மாரி உத்தரவு கொடுத்த கதையைக் கேப்டன்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்று. "இப்பவே ஒரு தடவை சொல்லிப் பாருங்க, நல்லா வரணும்" என்றானாம். பையன்களெல்லாம் கேட்கக் காத்திருந்தார்களாம்.

"வாயைத் தொறந்தேன். வரலை" என்றார்.

கைகால் கழுவப் போனவரை நிறுத்தினேன். முதலில் கோயில் என்றேன்.

"பசிக்குது."

"பசிக்கட்டும்."

முன்னால் நான் நடந்தேன், பின்னால் அவர். சலூன் வாசலில் ஆறுமுகம் பார்த்தார், கத்தரியைக் கையில் பிடித்தபடியே எங்களோடு வந்துவிட்டார். பால்காரரும் வந்தார். சன்னிதியில் பூசாரி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு உரக்கவே சொன்னார்.

"வெள்ளைன்னாதான் போகலாம்னு முதலாளி சொன்னாரு. சிவப்பு வந்துது. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

ஆறுமுகம், "இதைச் சொல்ல ரயிலேறணுமாய்யா உனக்கு" என்றார்.

பூசாரி திரியைத் தூண்டிக்கொண்டே, "அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

தெரிந்துதான் விபூதி கொடுத்திருக்கிறார். தெரிந்துதான் மு. தட்டில் போட்ட ஐந்து ரூபாயை எடுத்து இடுப்பில் செருகியிருக்கிறார். இவர் கையால் இனிமேல் தீர்த்தம் வாங்குவதா என்று யோசிக்கவேண்டும். மாரிக்கு என்னிடமிருந்து ஒரு கும்பிடு போதும், இடையில் ஆள் வேண்டாம்.

நாளைக்கு வலங்கைமான் தம்பிக்குக் கடிதம் போடவேண்டும். கூலிக்காரர்களின் டீம் ஒன்று களத்துமேட்டில் ஆடுகிறதாம், பூட்ஸ் கிடையாது, சம்பளமும் கிடையாது. அங்கே வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ஆறுமுகம் வழியில் அவரிடம் கேட்டார். "பாப்போம்" என்றார் அவர். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். "வர்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கூடிப்போன சோற்றைப் போட்டு மோர் ஊற்றினேன். உப்பு கேட்டார்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.